ஃப்ரோடோ மோதிரத்தை வீசவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மாயாஜாலக் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டவரைக் கெடுக்கிற ஒரு பொருளை ஒரே ஒரு ஆளின் தலையில் கட்டிவிட்டுப் பெரியவர்கள் எல்லாரும் நகர்ந்துகொள்கிறார்கள், இது பிள்ளைகளுக்குத் தப்பான பாடம், அந்தச் சுமையை ஆளுக்குக் கொஞ்சம் பங்குபோட்டுச் சுமந்திருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதற்கு டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை எடுத்துக்காட்டி, அதன் நாயகன் ஃப்ரோடோ கடைசியில் தன் மனவலிமையால் அந்தக் கெட்ட மோதிரத்தை, அதை அழிக்கக்கூடிய ஒரே இடமான எரிமலைக்குள் வீசி எறிந்தான் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி என்னை நாலு நாளாகத் தூங்கவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். 1977-ல், 19 வயதில், ஏற்காட்டிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அப்பா மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. வந்து சேர்ந்த வீடு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. முன்கட்டில் உலையும் தராசும், பின்கட்டில் நாங்கள். இப்போது பட்டறை இல்லை. கொலுசுக்கு முத்துக் கோர்ப்பதும் கொக்கி மாட்டுவதுமாகக் கூலிக்குச் செய்து தருகிறேன். என் மகள் வயிற்றுப் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். போன ஆடி மாதம் அந்தத் தடிப் புத்தகத்தை இங்கிலீஷில் வாங்கி வந்தாள். "அம்மாயி, நீ பாட்டுக்கு வேலையப் பாரு, நான் கதை சொல்றேன்" என்று தினமும் சாயந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். கதை முடிய தை மாதம் ஆகிவிட்டது.

தொடக்கத்திலேயே என்னைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. மோதிரம் எப்படிப்பட்டது என்று பார்க்க, கேண்டால்ஃப் என்ற கிழவர் அதை ஃப்ரோடோ வீட்டுக் கணப்பில் தூக்கிப் போடுகிறார். உருகவில்லை. எடுத்துக் கையில் வைத்தால் சூடுகூட ஏறவில்லை. இந்தச் சின்ன நெருப்பில் சாதாரணத் தங்கமே உருகாது என்பதையும் அந்தக் கிழவரே சொல்லிவிடுகிறார். எழுதியவருக்கு உலை தெரிந்திருக்கிறது என்று அப்போதே பேத்தியிடம் சொன்னேன். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், தங்கத்துக்கு 1064. கரி போட்டு, மூசையில் வைத்து, ஊதி ஊதித்தான் கொண்டுவர வேண்டும். உருகாவிட்டாலும் சூடாவது ஏறும். நெருப்பில் கிடந்தும் குளிர்ந்திருக்கிற உலோகம் என்றால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உடனே ஃப்ரோடோ அதை அந்தக் கிழவரிடமே நீட்டுகிறான். நீங்கள் அறிவாளி, பலசாலி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். அவர் பதறி எழுந்துவிடுகிறார். எனக்கு ஆசை காட்டாதே என்கிறார். பாவப்பட்டவர்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் வழியாகத்தான் அது தன் மனதுக்குள் நுழையும் என்று அவருக்குத் தெரிகிறது. பின்னால் கலாட்ரியல் என்ற அரசியிடமும் ஃப்ரோடோ அதை நீட்டுகிறான். அவளும் வேண்டாம் என்று விடுகிறாள். பெரியவர்கள் நகர்ந்துகொண்டார்கள் என்று கட்டுரையாளர் குறை சொல்வது இவர்களைத்தான். அவர்கள் பயந்தார்கள், நிஜம். தங்களைப் பற்றித் தங்களுக்கே இருந்த பயம் அது. எத்தனை பேருக்கு அந்தப் பயம் இருக்கிறது? கையில் பலம் உள்ளவனிடம் அந்த மோதிரம் போனால் அவன் கெடுவதோடு நிற்காது, அவன் கைக்கு எட்டுகிற ஊரெல்லாம் கெடும். ஃப்ரோடோவோ மூன்றரை அடி உயரம். அவன் ஆளுகிற ஊர் எதுவும் இல்லை. அதனால்தான் அவனால் அவ்வளவு தூரம் தாங்க முடிந்தது.

"ஒன்பது பேர் சேர்ந்து கெளம்பறாங்க அம்மாயி, ஆளுக்கு ஒரு நாள் முறை வெச்சுச் சுமக்கக் கூடாதா?" என்று பேத்தியும் கேட்டாள். கட்டுரையாளர் கேட்கிற அதே கேள்வி. அவளுக்கு என் மாமனார் சொல்வதைச் சொன்னேன். கை மாறினால் எடை மாறும் என்பார் அவர். ஒரு ஜோடி கொலுசு எத்தனை கை மாறுகிறது தெரியுமா? உருக்குகிறவர், கம்பி இழுக்கிறவர், சங்கிலி பின்னுகிறவர், பொடி வைத்து ஊதுகிறவர், அரம் போடுகிறவர், மெருகு போடுகிறவர். ஒவ்வொரு கையிலும் எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டு வாங்கி, சிட்டையில் எழுதுவோம். எல்லாரும் திருடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. அரத்தில் கொஞ்சம் ஒட்டும், ஊதும்போது கொஞ்சம் போகும், நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கும். பட்டறை மண்ணைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய், அரித்து வெள்ளி எடுத்துக் குடும்பம் நடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மோதிரத்தின் எடை ஒரு குன்றிமணிகூடக் குறைவதில்லை. அதை வாங்குகிற கைதான் ஒவ்வொரு தடவையும் குறைகிறது. இசில்டூர் என்ற அரசன் அதை அழிக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டே எனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறான். ஆற்றில் நீந்தும்போது அது விரலிலிருந்து நழுவி அவனைக் காட்டிக்கொடுக்கிறது. பல காலம் கழித்து டீகோல் என்பவன் ஆற்றடியில் அதைக் கண்டெடுக்கிறான். கூட இருந்த ஸ்மீகோல், இன்று என் பிறந்தநாள், அதை எனக்குக் கொடு என்று கேட்டுக் கழுத்தை நெரித்துக் கொன்று வாங்குகிறான். கண்டெடுத்தவன் அதை ஒரு பொழுதுகூட வைத்திருக்கவில்லை. அந்த ஸ்மீகோலிடமிருந்து, ஃப்ரோடோவின் சொந்தக்காரன் பில்போ கைக்கு வருகிறது. பில்போ நல்லவன், அவனும் அது எப்படிக் கிடைத்தது என்பதில் பொய் சொல்கிறான். அதுவரை அவன் மட்டும்தான் அதைத் தானாக, ஃப்ரோடோவுக்கு, விட்டுப் போனவன். அப்போதும் கேண்டால்ஃப் பக்கத்தில் நின்று அதட்ட வேண்டியிருந்தது. ஒரு தடவை கை மாற இத்தனை பாடு. ஒன்பது பேர் நாளுக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? அந்த ஒன்பது பேரில் போரோமிர் என்று ஒரு வீரன். தன் ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவன். மோதிரம் அவன் கைக்கு ஒரு தடவைகூட வரவில்லை. பக்கத்தில் நடந்ததற்கே ஒரு நாள் ஃப்ரோடோ மேல் பாய்ந்து பிடுங்கப் பார்த்தான். அதைப் பார்த்த பிறகுதான் ஃப்ரோடோ எல்லாரையும் விட்டுத் தனியாகக் கிளம்பப் பார்க்கிறான், தோழன் சாம் மட்டும் விடாமல் கூடப் போகிறான்.

மோதிரம் பாதிக்காத ஆள் ஒருவரும் கதையில் உண்டு, டாம் பாம்படில். அவரிடம் கொடுத்துவிடலாமா என்று சபையில் பேச்சு வருகிறது. அவர் அதை எங்காவது வைத்துவிட்டு மறந்துபோவார் என்று விட்டுவிடுகிறார்கள். ஆசையே இல்லாத இடத்தில் காவலும் நிற்காது. இதை நான் ரொம்ப நேரம் யோசித்தேன்.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 45 வருஷமாக யாரிடமும் சொல்லாதது. என் வீட்டுக்காரர் 2011-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். யார் பெயரும் சொல்லப்போவதில்லை.

1979 புரட்டாசியில் ஒரு நாள் ராத்திரி, பட்டறை சாத்தின பிறகு, வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். தை மாதக் கல்யாணங்களுக்குக் கொலுசு வேண்டும் என்று 7 கிலோ கட்டி வெள்ளி கொடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு, சிட்டை அப்புறம் போட்டுக்கலாம் என்று கிளம்பிவிட்டார். அவர்களுக்குள் பல வருஷப் பழக்கம். நாலாம் நாள் செய்தி வந்தது, நெஞ்சுவலியில் இறந்துபோனார் என்று. வெள்ளி எங்கள் வீட்டில் இருப்பது அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அவர் முதலில் நினைத்திருக்கிறார். கருமாதி முடியட்டும் என்று நினைத்தாராம். அது முடிந்தது, தீபாவளி வேலை முடியட்டும். அதுவும் முடிந்தது, தை பிறக்கட்டும். இந்த நேரத்தில்தான் வெள்ளி விலை ஏற ஆரம்பித்தது. 1979 தொடக்கத்தில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 6 டாலர் விற்ற வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டாலரைத் தொடப்போயிற்று. அமெரிக்காவில் ஹன்ட் என்ற சகோதரர்கள் வெள்ளியை வாங்கி வாங்கிக் குவித்ததுதான் அதற்குப் பெரிய காரணம் என்று பேத்தி இப்போது எடுத்துச் சொன்னாள். அன்றைக்கு எங்களுக்கு அது எதுவும் தெரியாது. காலையில் ஒரு விலை, சாயந்திரம் ஒரு விலை என்று கடைவீதியே அனலாகக் கொதித்தது மட்டும் தெரியும். பரண் மேல் பித்தளை அண்டாவுக்குள் கிடந்த 7 கிலோ, 7 கிலோவாகவேதான் இருந்தது. அவர் தலைமேல் மட்டும் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது. அழிக்கிற இடத்தை நெருங்க நெருங்க மோதிரம் கனக்கிறது, சங்கிலி கழுத்தை அறுக்கிறது என்று பேத்தி சொன்னபோது கோர்த்துக்கொண்டிருந்த முத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

மனுஷன் மாறிப்போனார். ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பார். அந்த அறையைக் கூட்டப் போனால் "நான் பாத்துக்கறேன், நீ போ" என்பார். சொந்தத் தம்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தால்கூட எதற்கு வந்தான் என்று கேட்பார். சாப்பாடு குறைந்தது. அவர் மனதில் ஏதோ ஒன்று உட்கார்ந்து அரிக்கிறது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. மாசி மாதம் ஒரு நாள் ராத்திரி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏனுங்க, எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க. ஒருத்தரா எதுக்குச் சுமக்கறீங்க, எனக்கும் ஒரு பங்கு குடுங்க" என்றேன்.

"பங்கா?" என்று எழுந்து நின்றார். "யாரு சொன்னா உனக்கு? பங்கு கேக்க வந்துட்டியா?" என்று கத்தினார். அந்த முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. நான் கேட்டது ஒரு பங்கு, அவர் காதில் விழுந்தது வேறு பங்கு. மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வருஷம் மாசியிலேயே ஒரு மழை பெய்து தோட்டமெல்லாம் காப்பிப் பூ வெள்ளை வெளேரென்று கிடந்தது. அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தவர் திண்ணையில் உட்கார்ந்தார், அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை, அடிக்கடி கீழே போகிற ரோட்டையே பார்த்தார். "வீடு பூட்டிக் கெடக்குது, நான் கெளம்பறேன்" என்று அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விட்டார். நான் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. உள்ளேயே இருந்தேன்.

பங்குனியில் அம்மா என்னைக் கொண்டுவந்து விட்டாள். வந்த சில நாளில் அந்த வியாபாரியின் மகன் வந்தான். இருபது வயதுகூட இருக்காது. அப்பா யாரிடமாவது வெள்ளி கொடுத்திருந்தாரா என்று பட்டறை பட்டறையாகக் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். நான் நடைக்குப் பின்னால் நிற்கிறேன். என் வீட்டுக்காரர், ஒரு மில்லி எடையில்கூடப் பொய் சொல்லாத மனுஷன், அந்தப் பையன் முகத்தைப் பார்த்து, "இங்க ஒண்ணும் குடுக்கலயே தம்பி" என்றார்.

அப்போது உலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "பரண் மேல அண்டாவுல இருக்குதே, அது யாருதுங்கண்ணா?"

அந்த வேலையாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் அரத்தூளை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போகும்போது பிடிபட்டவன். போலீசில் கொடு, கையை உடை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகுட்டிக்காரன், போகட்டும் என்று வேலையிலும் வைத்துக்கொண்டார் இவர். அவன் திருந்தினான் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை நாளாக அந்தப் பரணையே கண் வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். பையன் ஏதாவது கையில் கொடுப்பான் என்றோ, இவர் மேல் இருந்த காய்ச்சலிலோதான் வாயைத் திறந்தான். இவர் பாய்ந்துபோய் அவனை ஓங்கி அறைந்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. எழுந்து, ஏணி போட்டு ஏறி, அண்டாவை இறக்கி, பையன் முன்னால் தராசில் வைத்தார். சரியாக 7 கிலோ.

ஊர் அதைப் பாதியாகத்தான் கேள்விப்பட்டது. செத்தவர் கொடுத்த வெள்ளியைச் சிட்டைகூட இல்லாமல் திருப்பிக் கொடுத்த மனுஷன் என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டது. அந்தப் புகழ்ச்சி அவரைச் சுட்டது. யாராவது சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். ஒரு வருஷத்துக்குள் பட்டறையை மூடினார். கடைசிவரைக்கும் இன்னொருத்தர் பட்டறையில் கூலிக்கு வேலை செய்தார். அங்கேயும் தராசுப் பக்கம் உட்கார மாட்டார்.

பல வருஷம் கழித்து ஒரு தடவைதான் வாய் விட்டார். ஏன் எங்கிட்டச் சொல்லல என்று கேட்டேன். "ஒருத்தன் கெட்டாப் போதும்னு நெனச்சேன் புள்ள" என்றார். அந்தப் பதிலை நான் மன்னிக்கவே இல்லை. என்னை அவ்வளவு மட்டமாக நினைத்துவிட்டாரே என்று அவர் சாகும்வரை மனதுக்குள் வைத்திருந்தேன், செத்த பிறகும் வைத்திருந்தேன். சுமையைப் பங்குபோட்டிருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறாரே, நானும் முப்பது வருஷத்துக்கு மேல் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு சாயந்திரம் பேத்தி ஒரு கட்டத்துக்கு வந்தாள். ஃப்ரோடோ செத்துவிட்டான் என்று நினைத்து அவன் தோழன் சாம் மோதிரத்தை எடுத்துக்கொள்கிறான். பிறகு ஃப்ரோடோ உயிரோடு இருப்பது தெரிந்து, ஒரு கோபுரத்துக்குள் போய் அவனைக் கண்டுபிடிக்கிறான். மோதிரத்தைத் திருப்பித் தரும்போது சாமுக்கு மனசு கேட்கவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருந்தால் நானும் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்கிறேனே என்கிறான். ஃப்ரோடோ அதைப் பிடுங்கிக்கொண்டு அவனைத் திருடன் என்கிறான். அடுத்த நொடியே தன் நிலை தெரிந்து மன்னித்துவிடு என்கிறான்.

அவள் படித்துக்கொண்டே போனாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் உட்கார்ந்திருந்தது 1980 மாசியில், பின்கட்டு அறையில்.

அன்றைக்கு ராத்திரி என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். அவர் என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? 22 வயது. நாத்தனார் கல்யாணத்துக்கு நிச்சயம் ஆகியிருந்தது, கையில் ஒன்றும் இல்லை. என் தாலிக்கொடியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லியிருந்தால், யாருக்குத் தெரியப்போகுது, உருக்கிடுங்க என்று முதலில் சொல்லியிருப்பவள் நான்தான். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நிஜம். அவர் ஒருத்தராக இருந்ததால் அந்தச் சண்டை அவருக்குள் மட்டும் நடந்தது. இரண்டு பேர் ஆகியிருந்தால் சண்டையே நடந்திருக்காது. தை மாதத்திலேயே உலை பற்ற வைத்திருப்போம்.

அதனால் மோதிரத்தை ஒருத்தன்தான் சுமக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. ஆனால் சுமக்கிறவனைத் தனியாக விட வேண்டும் என்று அந்தக் கதை எங்கேயும் சொல்லவில்லை. கட்டுரையாளர் கண்ணில் சாம் எப்படிப் படாமல் போனான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சட்டி, பானை, உப்பு, கயிறு எல்லாம் முதுகில் கட்டிக்கொண்டு போகிறான். தன் பங்குத் தண்ணீரைக் கொடுக்கிறான். எரிமலை அடிவாரத்தில் ஃப்ரோடோ நடக்க முடியாமல் தவழ ஆரம்பித்தபோது, மோதிரத்தைச் சுமக்க என்னால் ஆகாது, உங்களையும் அதையும் சேர்த்துச் சுமக்கலாம் என்று முதுகில் ஏற்றிக்கொள்கிறான். டோல்கீன் முதல் உலகப் போரில், 1916-ல், சோம் போர்முனையில் இருந்தவர். அங்கே கூட இருந்த சாதாரணச் சிப்பாய்களை மனதில் வைத்துத்தான் சாமைப் படைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

இதற்கு நாம் வெள்ளைக்காரர் கதைக்குப் போக வேண்டியதே இல்லை. ஆடி மாதம் எங்கள் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து மாரியம்மனுக்கு அக்னிச்சட்டி எடுப்பதைப் பாருங்கள். வேண்டிக்கொண்டவள் காப்புக் கட்டிய பிறகு சட்டியை இன்னொருத்தி கையில் கொடுக்க முடியாது. தீ அவள் கையில்தான் எரிய வேண்டும். ஆனால் அவள் ஒருத்தியாகவா நடக்கிறாள்? ஒருத்தி முன்னால் ஓடி ரோட்டில் தண்ணீர் ஊற்றுகிறாள். ஒருத்தி வேப்பிலையால் விசிறுகிறாள். அண்ணன் தம்பி இரண்டு பக்கமும் கூட்டத்தை விலக்குகிறார்கள். வீட்டுக்கு வீடு குடத்தோடு நின்று காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சட்டியை வாங்கிக்கொள்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. அவளை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதும் இல்லை.

நான் போய்விட்டேன். அவர் பங்கு தரவில்லை என்று கோபித்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். அவர் கையில் தீ எரிந்துகொண்டிருந்தபோது நான் காப்பிப் பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன விஷயம் என்றே கேட்காமல் வேளைக்குச் சோறு போட்டு, ராத்திரி அவர் எழுந்து உட்கார்ந்தால் நானும் எழுந்து உட்கார்ந்திருக்கலாம். பஸ் ஏற வந்தவரோடு வாசல் வரைக்குமாவது நடந்திருக்கலாம்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ஃப்ரோடோ மோதிரத்தை வீசவில்லை. எரிமலை வாயில் நின்று, நான் செய்ய வந்த வேலையைச் செய்யப்போவதில்லை, இது என்னுடையது என்று சொல்லி விரலில் போட்டுக்கொள்கிறான். அத்தனை நாளாகப் பின்னாலேயே வந்த ஸ்மீகோல் பாய்ந்து விரலோடு கடித்துப் பறிக்கிறான். பறித்த சந்தோஷத்தில் கால் தவறி நெருப்பில் விழுகிறான். மோதிரம் அப்படித்தான் அழிந்தது. அந்த ஸ்மீகோலைக் கொல்ல முதலில் பில்போவுக்கு வாய்ப்பு இருந்தது, பிறகு ஃப்ரோடோவுக்கு, கடைசியில் சாமுக்கு. மூன்று பேரும் பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பாவம் பார்த்திருக்காவிட்டால் கடைசியில் காரியம் நடந்திருக்காது. அரத்தூள் திருடியவனை விட்டுவைத்தவர் என் வீட்டுக்காரர் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

ஃப்ரோடோ தோற்றுவிட்டானே என்று ஒரு வாசகி கேட்டதற்கு, 1963-ல் டோல்கீன் பதில் கடிதம் எழுதியிருக்கிறார். அதை ஒழுக்கத் தவறாகத் தான் நினைக்கவில்லை, அந்த இடத்தில் அந்த அழுத்தத்தை யாராலும் தாங்கியிருக்க முடியாது, தன்னிடம் இருந்த பலம் எல்லாவற்றையும் செலவழித்துத்தான் அவன் அந்த இடம் வரைக்கும் வந்து சேர்ந்தான் என்பது அதன் சாரம். பேத்தி அதைத் தேடி எடுத்து இரண்டு தடவை படித்துக் காட்டினாள். கதையிலும் ஃப்ரோடோவுக்கு அப்புறம் உடம்பு தேறுவதில்லை. காயம் பட்ட தேதி வருஷா வருஷம் வரும்போது படுத்துக்கொள்கிறான். அவன் செய்ததை அவன் ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சாமுக்குத்தான் அது வலிக்கிறது. இரண்டே வருஷத்தில் ஃப்ரோடோ கப்பலேறிப் போய்விடுகிறான்.

மனவலிமையால் வீசினான் என்று நீங்கள் அச்சடித்திருப்பதைப் படித்தால், வீச முடியாமல் போனவர்கள் என்ன நினைப்பார்கள்? "இங்க ஒண்ணும் குடுக்கலயே தம்பி" என்ற அந்த நாலு வார்த்தைக்காக ஒரு மனுஷன் முப்பது வருஷம் தராசைத் தொடாமல் வாழ்ந்தார். ஐந்து மாதத்துக்கு மேல் ஒருத்தராக அதைத் தாங்கிக்கொண்டிருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கட்டுரையாளரோடு எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போடுங்கள். ஃப்ரோடோவால் வீச முடியவில்லை, மோதிரம் வேறு கையோடு நெருப்பில் விழுந்தது என்று இருந்தால் போதும். எந்தப் பக்கத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பேத்தியிடம் சொல்லி வைப்பேன்.

இப்படிக்கு,
கொலுசு வேலை செய்யும் ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.